பரணில் கிடக்கும் கன்சோல் அடாப்டர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பழைய வீடியோ கேம் கன்சோல்களின் அடாப்டரைத் தூக்கி எறிய வேண்டாம், மின்னணு வேலைகளுக்கு அது உதவும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதியை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகன் கல்லூரிக்குப் போனதும் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலைக் கொடுத்துவிட்டோம், செங்கல் போன்ற அதன் அடாப்டர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. 12 வோல்ட், 16.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, ஆனால் மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரவில்லை. கெட்டுவிட்டதா? இதை என் மேசைக்கான பவர் சப்ளையாக மாற்ற முடியுமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கெடவில்லை, உத்தரவுக்காகக் காத்திருக்கிறது. இந்த அடாப்டரில் இரண்டு வெளியீடுகள் உள்ளன. ஒன்று, சுவரில் செருகியவுடன் எப்போதும் இருக்கும் 5 வோல்ட், 1 ஆம்பியர். மற்றது, கன்சோல் கேட்டால் மட்டும் வரும் 12 வோல்ட். ஆரஞ்சு விளக்கு என்றால் 5 வோல்ட் மட்டும் இருக்கிறது என்று பொருள். 12 வோல்ட் வந்ததும் அது பச்சையாகும். சிவப்பானால் அடாப்டர் ஏதோ கோளாறைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கன்சோலுக்குப் போகும் தடித்த கம்பிக்குள் நான்கு நிறங்கள் இருக்கும். மஞ்சள் எல்லாம் 12 வோல்ட், கருப்பு எல்லாம் பூஜ்யம் (0 வோல்ட், கிரவுண்டு), ஒற்றைச் சிவப்பு அந்த 5 வோல்ட், ஒற்றை நீலம் உத்தரவுக் கம்பி. நீலத்துக்குச் சிவப்பிலிருந்து 5 வோல்ட் கொடுத்தால் 12 வோல்ட் உயிர்பெறும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய சுவிட்சு வைத்தால் அதுவே உங்கள் பவர் சப்ளையின் சுவிட்சு. அதன் வழியாகப் பாய்வது மிகச் சொற்ப மின்னோட்டம் என்பதால் பெரிய சுவிட்சைத் தேடி அலைய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் பச்சைக் கம்பியைக் கருப்போடு இணைத்து ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதுதான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே உத்தரவு என்பது பூஜ்யத்தோடு சேர்ப்பது, இங்கே 5 வோல்ட்டோடு சேர்ப்பது. எந்தக் கம்பியையும் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். மல்டிமீட்டரின் கருப்பு முனையைக் கருப்புக் கம்பியில் வைத்து, சிவப்பில் 5 வோல்ட் இருப்பதை முதலில் கண்ணால் பாருங்கள்.

மஞ்சள் கம்பிகள் பல இருப்பதற்குக் காரணம் உண்டு. 16.5 ஆம்பியரை மூன்று கம்பிகள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றிலும் 5.5 ஆம்பியர்தான் ஓடும்; ஒரே கம்பியில் இழுத்தால் அது சூடாகி உறை உருகும். ஆகவே மஞ்சள் அனைத்தையும் ஒன்றாகவும் கருப்பு அனைத்தையும் ஒன்றாகவும் சேர்த்து முறுக்கி, ஈயம் பற்றவைத்து, தடித்த முனையில் கொண்டுவந்து முடியுங்கள். பிறகு, இதுதான் முக்கியம், மஞ்சள் பக்கத்தில் கார்களில் போடும் தட்டை ப்யூஸ் ஒன்றை வைக்க வேண்டும். செய்யும் வேலைக்கு 3 ஆம்பியர் போதுமென்றால் 5 ஆம்பியர் ப்யூஸ் போடுங்கள், அடாப்டர் 16.5 கொடுக்கும் என்பதற்காக 20 ஆம்பியர் ப்யூஸ் போடுவது ப்யூஸே இல்லாததற்குச் சமம். 12 வோல்ட் நம்மை ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் 200 வாட் ஒரே புள்ளியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் மேசையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் சாட்சி: அதன் நுனியில் கடுகு அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது, பக்கத்து முனையில் தவறிப் பட்டபோது எரிந்துபோன இடம் அது. வேலை செய்யும்போது மோதிரத்தையும் உலோகப் பட்டை போட்ட கடிகாரத்தையும் கழற்றி வைப்பது நல்லது.

எல்லா 360 அடாப்டரும் 16.5 ஆம்பியர் அல்ல. 2005ஆம் ஆண்டு வந்த முதல் வகைக்கு 203 வாட். பின்னால் வந்த கன்சோல்களின் உள்ளிருக்கும் சர்க்யூட் பலகைகள் குறைந்த மின்சாரத்தில் ஓடியதால் 175 வாட், 150 வாட் என்று அடாப்டரும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆகவே பிறர் சொன்ன எண்ணை விட்டுவிட்டு உங்கள் அடாப்டரின் லேபிளில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் எண்பது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் பல ஆண்டுப் பழைய கண்டன்சர்கள் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் உறுப்புகள்) உள்ளே இருக்கின்றன.

உண்மையில் தாங்குகிறதா என்று பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். மெக்கானிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு கால் பாகம் குறைந்த இரண்டு ஆம்பியர், அதாவது 1.75 ஆம்பியர் இழுக்கும். 55 வாட் ஹெட்லைட் பல்பு 4.6 ஆம்பியர் இழுக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல்புகளைச் சேர்த்துக்கொண்டே போய், அரை மணி நேரம் எரியவிட்டு, மின்னழுத்தம் 12க்கு அருகிலேயே நிற்கிறதா, அடாப்டரின் உள்ளே இருக்கும் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். எல்லாப் பல்பையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்: இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான், எனவே முதல் கணத்தில் பாயும் மின்னோட்டத்தைக் கண்டு நல்ல அடாப்டரே மிரண்டு நின்றுவிடும்.

மேசைப் பவர் சப்ளை என்று கேட்டீர்கள். இதை அப்படியே மேசையில் வைத்துப் புதிய சர்க்யூட்டுகளைச் சோதிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் வசதி இதில் இல்லை. தப்பாகப் போட்ட ஒரு டிரான்சிஸ்டர் வழியே 16 ஆம்பியரும் ஓடும். மின்னழுத்தத்துக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என இரண்டு திருகுகள் கொண்ட எக்ஸ்.எல். 4015 பக் மாட்யூலை (மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு பலகையை) நடுவில் வைத்து, மின்னோட்டத்தை 200 மில்லி ஆம்பியரில் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அடாப்டரை நேரடியாகப் பயன்படுத்த ஏற்ற இடங்கள் வேறு: மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை 5 மீட்டருக்கு 6 ஆம்பியர் கேட்கும். பழைய 12 வோல்ட் த்ரீ-டி பிரிண்டரின் சூடாகும் தட்டு பத்து ஆம்பியருக்கு மேல் கேட்கும். இவற்றுக்கு இந்தச் செங்கல் பொருத்தமானது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2 ஸ்லிம் அடாப்டரில் 8.5 வோல்ட், 5.65 ஆம்பியர் என்றிருக்கிறது. அதை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் போர்டில் நேரடியாகச் செருகலாமா? 5.65 ஆம்பியர் போர்டை எரித்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். – திருச்சி, பொறியியல் மாணவர்

பதில்: நண்பரின் பயம் தேவையற்றது. ஆம்பியர் என்பது அடாப்டர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்கிறது, எவ்வளவு திணிக்கும் என்பதை அல்ல. வீட்டுத் தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருப்பதால் டம்ளர் உடைந்துவிடுவதில்லை. மின்னழுத்தம்தான் பொருந்தியாக வேண்டும். ஊனோவின் வட்டத் துளைக்கு 7 முதல் 12 வோல்ட் வரை பரிந்துரைக்கப்படுகிறது, நடுமுள் நேர்முனை. உங்கள் 8.5 வோல்ட் அந்த எல்லைக்குள் அழகாக உட்காருகிறது. பலர் பயன்படுத்தும் 12 வோல்ட்டைவிட இதுவே மேல் என்பேன். காரணம், போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் 5 வோல்ட்டுக்கு மேல் வருவதை எல்லாம் வெப்பமாகத்தான் கழிக்கிறது. துளைக்குப் பின்னால் உள்ள டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) 0.7 வோல்ட்டை எடுத்துக்கொண்டது போக, 200 மில்லி ஆம்பியர் ஓடும்போது 12 வோல்ட் அடாப்டரில் சுமார் 1.26 வாட் வெப்பம், 8.5 வோல்ட்டில் 0.56 வாட் மட்டுமே. முதலாவதில் விரல் வைக்க முடியாது, இரண்டாவதில் வைக்கலாம்.

ஆனால் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார்களை ஊனோவின் 5 வோல்ட் முள்ளிலிருந்து ஓட்ட நினைத்தால் எந்த அடாப்டரும் காப்பாற்றாது. சிறிய சர்வோகூட கை தடைபட்டால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; இரண்டு மூன்று சேர்ந்தால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அடாப்டரிலிருந்து இரண்டு கிளை பிரியுங்கள்: ஒன்று ஊனோவுக்கு, மற்றொன்று எல்.எம். 2596 பக் மாட்யூல் வழியாக 5 வோல்ட்டாகிச் சர்வோக்களுக்கு. அந்த மாட்யூலுக்கு 3 ஆம்பியர் என்று விளம்பரம் செய்வார்கள். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் 2 ஆம்பியரோடு நிறுத்துங்கள். இரண்டு கிளைகளின் எதிர்முனைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊனோ அனுப்பும் சமிக்ஞை சர்வோவுக்குப் புரியாது.

ரிச்சி தெருவிலோ இணையத்திலோ புதிதாக வாங்கிய எல்.எம். 2596 மாட்யூலைப் பற்றி ஒரு வார்த்தை. நீலநிறச் சிறு பெட்டியின் தலையில் இருக்கும் பித்தளைத் திருகைத் திருப்புகிறோம், மின்னழுத்தம் அசையவே இல்லை. மாட்யூல் செத்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். அது பல சுற்றுத் திருகு. பத்துப் பதினைந்து சுற்று இடப்பக்கமாகத் திருப்பினால்தான் சில மாட்யூல்களில் எண் இறங்கவே தொடங்கும். சர்வோவை இணைப்பதற்கு முன்பே, வெறும் மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: சிறு வயதில் விளையாடிய டிவி கேம் பெட்டியின் அடாப்டர் கனமாக இருக்கிறது. 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தும் மல்டிமீட்டர் 13.6 காட்டுகிறது. மீட்டர் தவறா, அடாப்டர் தவறா? – விருதுநகர் வாசகர்

பதில்: இரண்டும் சரி. கனமே விடையைச் சொல்லிவிடுகிறது: உள்ளே இரும்பு மையம் கொண்ட டிரான்ஸ்பார்மரும், நான்கு டயோடும், ஒரு கண்டன்சரும் மட்டுமே இருக்கின்றன, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி எதுவும் கிடையாது. 850 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது 9 வோல்ட் என்பதே லேபிளின் பொருள். எதுவும் இழுக்காதபோது பதின்மூன்று பதினான்குவரை ஏறும். அன்றைய கன்சோல்களுக்கு இது பிரச்சினையாகவே இருக்கவில்லை. ஃபேமிகாம், மெகா டிரைவ் போன்றவற்றின் உள்ளேயே 7805 ரெகுலேட்டர் இருந்ததால், அடாப்டர் தோராயமாகக் கொடுத்ததை அது 5 வோல்ட்டாக நேர்த்தி செய்துகொண்டது. நீங்களும் அதையே செய்யுங்கள்: ஒரு 7805, முன்னால் 0.33 மைக்ரோ ஃபாரட், பின்னால் 0.1 மைக்ரோ ஃபாரட், முதுகில் ஹீட் சிங்க். 7805 வேலை செய்யக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். 35 வோல்ட்வரை தாங்கும்.

மின்னழுத்தத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது முனை. ஃபேமிகாமும் முதல் மெகா டிரைவும் நடுமுள்ளில் எதிர்முனை கொண்டவை. இன்று நாம் வாங்கும் பெரும்பாலான அடாப்டர்கள் நடுமுள்ளில் நேர்முனை கொண்டவை. பிளக் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி முழுமையடையாத வட்டமும் வரைந்திருக்கும். புள்ளியோடு சேரும் கோடு கூட்டல் குறிக்குப் போகிறதா கழித்தல் குறிக்குப் போகிறதா என்று பாருங்கள். லேபிள் அழிந்திருந்தால் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை உள்துளையில் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடுவில் எதிர்முனை. கிதார் எஃபெக்ட் பெடல் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு வேண்டியதும் நடு எதிர்முனைதான், ஆனால் அந்தப் பெடல்கள் சீரான 9 வோல்ட்டை எதிர்பார்ப்பவை, 13.6 வோல்ட்டையும் கூடவே வரும் உறுமலையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருந்த மாமா கொண்டுவந்த நின்டெண்டோ என்.இ.எஸ். அடாப்டர், 9 வோல்ட், 1.3 ஆம்பியர். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறது. கம்பி அறுந்திருக்குமோ? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: மீட்டரை ஏ.சி. நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். லேபிளில் 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏ.சி. என்றோ ஓர் அலைக்கோடோ இருக்கும். அந்த அடாப்டர் டிரான்ஸ்பார்மர் மட்டுமே. நேர் மின்சாரமாக மாற்றும் டயோடுகளைக் கன்சோலின் உள்ளே வைத்துவிட்டார்கள். இதை டி.சி. என்று நினைத்து ஆர்டுயினோவிலோ எல்.இ.டி. பட்டையிலோ செருகியவர்கள் பலர். செருகிய பொருள்கள் திரும்பிவரவில்லை. பிரித்தானியாவிலும் உங்கள் ஊரிலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் சுவர்ப் பக்கம் கவலையில்லை.

இதைப் பழுது என்று ஒதுக்கவேண்டாம். என்னைக் கேட்டால் கன்சோல் அடாப்டர்களில் மிகவும் சுவையானது இதுதான். சாதாரணப் பயன்பாட்டுக்கு, ஏ.சி.யை டி.சி.யாக்க நான்கு டயோடுகளால் பிரிட்ஜ் கட்டுங்கள். 1 என் 4007 ஓர் ஆம்பியருக்கானது, எனவே இங்கே 3 ஆம்பியர் தாங்கும் 1 என் 5402 பாதுகாப்பானது. 9 வோல்ட்டின் உச்சம் 12.7, இரண்டு டயோடுகள் எடுத்துக்கொள்ளும் 1.4 போக 11.3 வோல்ட் கண்டன்சரில் நிற்கும், சுமையில்லாதபோது இன்னும் கூடும், ஆகவே 25 வோல்ட் தாங்கும் கண்டன்சரையே வாங்குங்கள். எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: அரை ஆம்பியர் இழுக்கும்போது 2200 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரில் மின்னழுத்தம் ஒவ்வோர் அலைக்கும் 2.3 வோல்ட் அளவுக்கு இறங்கி ஏறும், 4700 மைக்ரோ ஃபாரடில் அது 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். பின்னால் 7805 இருப்பதால் இரண்டுமே போதும். லேபிளின் 1.3 ஆம்பியரை டி.சி.யில் எதிர்பார்க்காதீர்கள், கண்டன்சர் அலையின் உச்சியில் மட்டும் அவசரமாக நிரம்புவதால் டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சூடாகும். 0.8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவை என்று சொன்னது வேறொன்றை. சமிக்ஞையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லுகளின் சர்க்யூட்டுகளுக்கு நேர், எதிர் என இரண்டு மின்னழுத்தம் வேண்டும், டி.சி. அடாப்டர் ஒன்றால் அதைக் கொடுப்பது தலைவலி. ஏ.சி. அடாப்டரிலோ இரண்டே டயோடுகள் போதும். ஒரு கம்பியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மற்றக் கம்பியிலிருந்து ஒரு டயோடை நேராகவும் இன்னொன்றைத் திருப்பியும் போட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் 2200 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வைத்தால், ஒன்றில் நேர் 12 வோல்ட், மற்றதில் எதிர் 12 வோல்ட். இரண்டாவது கண்டன்சரின் நேர்முனை பூஜ்யத்தைப் பார்த்திருக்க வேண்டும், அதைத் திருப்பிப் போட்டால் வெடிக்கும். பின்னால் நேர் 9 வோல்ட்டுக்கான 7809, எதிர் 9 வோல்ட்டுக்கான 7909 ரெகுலேட்டர் இரண்டையும் சேர்த்தால் சில பத்து மில்லி ஆம்பியருக்குச் சுத்தமான இரட்டை மின்னழுத்தம் கிடைத்துவிடும். 7909இன் கால்களின் வரிசை 7809இன் வரிசையிலிருந்து மாறுபட்டது என்பதை மறந்து நான் ஒரு மாலையை வீணாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த நின்டெண்டோ வீ கன்சோலின் அடாப்டரை இங்கே பயன்படுத்தலாமா? – சென்னை வாசகர்

பதில்: உள்ளீடு 120 வோல்ட் என்றிருந்தால் கூடாது. இங்குள்ள 230 வோல்ட்டில் செருகிய கணமே அது முடிந்துபோகும். எக்ஸ்பாக்ஸ் 360இன் அமெரிக்க அடாப்டரும் அப்படியே, அதில் 100–127 என்று எழுதியிருக்கும். இதற்காக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குகிற பணத்துக்குப் புதிய 12 வோல்ட் அடாப்டரே வாங்கிவிடலாம். பி.எஸ்.பி. அடாப்டர், ஸ்விட்ச் அடாப்டர் போன்றவற்றில் 100–240 என்று இருக்கும். அவை எந்த நாட்டிலும் ஓடும்.

கேள்வி: ஐரோப்பிய வீ அடாப்டர் ஒன்று கிடைத்தது, 12 வோல்ட், 3.7 ஆம்பியர். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை இதனால் சார்ஜ் செய்யலாமா? இரண்டிலும் 12 என்றுதானே இருக்கிறது? – சேலம் வாசகர்

பதில்: பேட்டரியின் 12 என்பது பெயர், அடாப்டரின் 12 என்பது அளவு. நன்றாக நிரம்பிய ஈய-அமில பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும். அதை எப்போதும் நிரப்பி வைக்க 13.5 முதல் 13.8 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரை இணைத்தால் பேட்டரி அரைகுறையாக நின்றுவிடும், சல்பேட் படிந்து சில மாதங்களில் வீணாகும். போதாக்குறைக்கு, மின்சாரம் நின்ற நேரத்தில் பேட்டரி அடாப்டருக்குள் பின்னோக்கிப் பாயவும் பார்க்கும். மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் மாட்யூலை நடுவில் வைத்து 13.7இல் நிறுத்தலாம், ஆனால் அதில் மின்னோட்ட வரம்பும் இருந்தாக வேண்டும். இந்த அளவு பேட்டரிகளின் பக்கவாட்டில் தொடக்க மின்னோட்டம் 2.1 ஆம்பியருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நான் 1 ஆம்பியரில் வைப்பேன். பேட்டரிப் பக்கம் ஒரு ப்யூஸ், பின்னோட்டத்தைத் தடுக்க ஒரு டயோடு. டயோடு எடுத்துக்கொள்ளும் அரை வோல்ட்டைக் கணக்கில் சேர்த்து, 13.7ஐ டயோடுக்குப் பின்னால் பேட்டரி முனையில் அளந்து வையுங்கள்.

லித்தியம் பேட்டரியை இப்படி மாட்யூல்களைக் கோத்துச் சார்ஜ் செய்வது எப்படி என்று இன்னும் மூன்று கடிதங்கள் கேட்கின்றன. அதற்கு இந்தப் பக்கத்தில் வழி எழுத மாட்டேன். செல் ஒவ்வொன்றையும் தனியே கவனிக்கும் பேலன்ஸ் சார்ஜரை வாங்குங்கள். அவற்றில் பல 11 முதல் 18 வோல்ட் டி.சி. உள்ளீட்டை ஏற்பவை, அந்த உள்ளீட்டுக்கு உங்கள் 44 வாட் வீ அடாப்டர் நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: அடாப்டரில் ஓடும் சர்க்யூட்டின் உலோகப் பெட்டியைத் தொட்டால் புறங்கையில் சுரீரென்கிறது. டெஸ்டரும் மங்கலாக எரிகிறது. ஆபத்தா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதில் வேகமான மின்னணுச் சுவிட்சுகளால் இயங்கும், எடை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர்களில், குறிப்பாக இரண்டு முள் கொண்டவற்றில், இது இயல்பு. ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காகச் சுவர்ப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறிய கண்டன்சரை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே கசிவது நூறு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். இத்தகைய கருவிகளுக்குத் தரவிதிகள் அனுமதிப்பது 0.25 மில்லி ஆம்பியர். எதிர்முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்தால் நூறு வோல்ட்டைச் சுற்றி ஏதாவது காட்டும், பயப்பட வேண்டாம், சுமை கொடுத்தவுடன் அது காணாமல் போகும். உங்களுக்கு இல்லாத ஆபத்து உங்கள் சில்லுகளுக்கு உண்டு: எர்த் செய்த சால்டரிங் அயர்ன் பட்டவுடன் அந்தக் கசிவு மாஸ்ஃபெட் எனும் டிரான்சிஸ்டரின் கேட் (கட்டுப்பாட்டுக் கால்) வழியே பாய்ந்து அதைக் கொன்றுவிடலாம். பற்றவைக்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள். நிரந்தரமாகத் தீர்க்க, டி.சி.யின் எதிர்முனையை ஒரே ஓர் இடத்தில் எர்த்துடன் இணைக்கலாம், வீட்டு எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறது என்றால். பல வீடுகளில் அந்த மூன்றாவது துளை அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சுரீர் என்பதைத் தாண்டிக் கையை உதறவைக்கும் அளவுக்கு இருந்தால், அல்லது அடாப்டரின் உறை விரிசல் விட்டிருந்தால், அதற்குமேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே திறந்து பார்க்கும் ஆசையையும் விடுங்கள். 230 வோல்ட்டைத் திருத்திச் சேமிக்கும் கண்டன்சரில் 325 வோல்ட் நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்குவதில்லை.

கேள்வி: இரண்டு 12 வோல்ட் அடாப்டர்களைப் பக்க இணைப்பில் சேர்த்து இரட்டிப்பு ஆம்பியர் பெறலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: பெற முடியாது. ஒன்று 12.1, மற்றது 11.9 என்று இருந்தாலே முதலாவது சுமை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும், மற்றது வேடிக்கை பார்க்கும். எல்.இ.டி. பட்டையை இரண்டாக வெட்டி ஆளுக்கொரு பாதி கொடுப்பதே நல்ல வழி.

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச் அடாப்டரில் யு.எஸ்.பி.-சி முனை இருக்கிறது. அடாப்டரிடம் வேண்டிய மின்னழுத்தத்தைக் கேட்கும் ட்ரிக்கர் போர்டு வாங்கி 12 வோல்ட்டுக்கு அமைத்தேன். 5 வோல்ட்தான் வருகிறது. போர்டு போலியா? – பெங்களூரிலிருந்து வாசகர்

பதில்: போர்டைக் குறை சொல்லாதீர்கள். யு.எஸ்.பி.-சியில் அடாப்டர் முதலில் தன்னிடம் இருப்பதைச் சொல்லும், கருவி அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அந்த அடாப்டரின் முதுகில் இருப்பது இரண்டே வரி: 5 வோல்ட், 1.5 ஆம்பியர்; 15 வோல்ட், 2.6 ஆம்பியர். நீங்கள் கேட்ட 12 அதன் பட்டியலிலேயே இல்லாததால் அடிப்படையான 5 வோல்ட்டோடு நின்றுவிட்டது. ட்ரிக்கர் போர்டை 15க்கு மாற்றி, 15 வோல்ட் வருவதை மீட்டரில் பார்த்த பிறகு, முன்பு சொன்ன எல்.எம். 2596 மாட்யூலால் 12 ஆக்கிக்கொள்ளுங்கள்.